அணைக்கரையில் 'என் உயிர், என் இஷ்டம்' செல்லாது

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஈப்போ, கிள்ளான் பக்கத்துச் சொந்தங்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விதான் வரும். "பினாங்குக்கு வர்றோம். பத்து பெரிங்கி கடல், கொடிமலை ரயில் எல்லாம் போன தடவையே பார்த்தாச்சு. பிள்ளைங்களை வேற எங்க கூட்டிட்டுப் போறது?"

என் பதிலும் ஒன்றுதான்: ஆயர் ஈத்தாம் டேம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து அதிக தூரமில்லை. கெக் லோக் சி கோயிலைத் தாண்டி மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறினால், கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேலே, நாலு பக்கமும் காடு சூழ்ந்த நீர்த்தேக்கம். 1962-இல் கட்டி முடித்த மண் அணை. விடியற்காலையில் போனால் சீனத் தாத்தாக்கள் கை வீசி நடந்துகொண்டிருப்பார்கள், நம் ஆட்கள் குடும்பக் கதை பேசிக்கொண்டே சுற்றுவார்கள், மலாய்ப் பிள்ளைகள் ஓடுவார்கள். நுழைவுச் சீட்டு வாங்க வரிசை கிடையாது, பாட்டுச் சத்தம் கிடையாது. இறங்கும்போது கீழே சந்தைப் பக்கம் ஒரு கிண்ணம் லக்சா. வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த யோசனையோடு ஒரு உபதேசமும் சேர்ந்தே வரும். அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். டேமுக்கு மட்டுமல்ல, தெலுக் பகாங், மெங்குவாங் அணைகள், ஏதாவது ஒரு லோம்போங் (பழைய சுரங்க) குட்டை என்று தண்ணீர் தேங்கிக் கிடக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் பொருந்தும்.

முதலில், இது யார் தண்ணீர்?

பலருக்கும் இது பார்ப்பதற்கு ஒரு ஏரி. உண்மையில் குடிதண்ணீர்த் தொட்டி. பினாங்கு மாநிலத்தின் தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. பெருநிலத்தில் சுத்திகரித்து, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆறு இளைத்தாலோ, மழை பொய்த்தாலோ கைகொடுப்பவை இந்த அணைகள்தான். தீவில் பெரியது 1999-இல் முடிந்த தெலுக் பகாங் அணை. பெருநிலத்தில் மெங்குவாங், விரிவாக்கத்துக்குப் பிறகு 8,640 கோடி லிட்டர் கொள்ளும். அவற்றோடு ஒப்பிட்டால் ஆயர் ஈத்தாம் சின்னது, 200 கோடி லிட்டருக்குச் சற்று மேல். சின்னது என்பதால்தான் வெயில் நீண்டால் சீக்கிரம் வற்றுகிறது. 2024 வறட்சியில் தீவின் இரண்டு அணைகளிலும் நீர்மட்டம் இறங்கி, செயற்கை மழைக்கு விமானம் பறக்கவிட வேண்டியதாயிற்று.

இந்தத் தீவுக்குத் தண்ணீர்க் கவலை புதிதுமல்ல. நம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் தாவரவியல் பூங்கா இருக்கிறதே, அதன் மேலே இருக்கும் அருவியிலிருந்துதான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். 1884-இல் தொடங்கிய அந்தப் பூங்காவையே மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்ட 1910 வாக்கில் ஒரு திட்டம் இருந்தது. நல்லவேளையாகக் கைவிட்டார்கள். அந்த அருவிக்கு இன்றைக்கும் இஷ்டப்படி போய்க் குளிக்க முடியாது. நீர்ப்பிடிப்புப் பகுதி, அனுமதி வேண்டும்.

"தண்ணீரைப் பார்த்தால் இறங்கத்தானே தோன்றும், இதற்குக்கூடத் தடையா?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று நினைவுபடுத்துவேன். செட்டிநாடு, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த ஊர்களில் குடிதண்ணீருக்கென்று ஊருணி தனியாக இருக்கும். அதில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. சில ஊர்களில் காவலுக்கு ஆளே போட்டிருந்தார்கள். குளிக்க வேறு குளம், மாட்டுக்கு வேறு குட்டை. இதை எந்த அரசாங்கமும் பலகை வைத்துச் சொல்லித்தரவில்லை. ஆயர் ஈத்தாம் டேம் நம்முடைய ஊருணி, அவ்வளவுதான்.

"சுத்திகரிச்சுத்தானே அனுப்புறாங்க?" என்று கேட்பார்கள். சுத்திகரிக்கிறார்கள்தான். ஆனால் வந்துசேரும் அழுக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மருந்து, அவ்வளவு செலவு. அதற்காக நீர்த்தேக்கத்தில் மனிதன் கைவைக்கவே கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. தெலுக் பகாங் அணையில் டிராகன் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தில் கயாக் ஓட்டலாம், நீந்த முடியாது. படகில் போகிறவர் மிதவை அங்கி போட்டிருப்பார், கரையில் மீட்புப் படகு நிற்கும், யார் போனார் யார் திரும்பினார் என்று ஒருவர் கணக்கு வைத்திருப்பார். மாலை ஆறு மணிக்குச் சட்டையைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு இறங்கும் பையனுக்கு இதில் ஒன்றும் இல்லை.

நீச்சல் தெரிந்தால் போதாதா?

ஒரு நாள் மூன்று பையன்கள் கரைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சீருடை மாற்றாத பள்ளிப் பிள்ளைகள்.

"தம்பி, மேல வாங்கப்பா. பலகையைப் பார்க்கலையா?"

"சும்மா காலை நனைக்கிறோம் அண்ணே. எனக்கு நீச்சல் தெரியும்ணே, ஸ்கூல் டீம்ல இருக்கேன்."

"நீ நீந்துற குளத்துல தரை தெரியும்ல? இதுல தரை எங்க இருக்குன்னு சொல்லு பார்ப்போம்."

அவன் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். பதில் சொல்லவில்லை. ஆனால் மேலே ஏறிவிட்டான்.

நீச்சல் குளமும் நீர்த்தேக்கமும் வேறு வேறு. அணைக்கரையில் அடுக்கியிருக்கும் கற்கள் நீர்மட்டத்தை ஒட்டிப் பாசி பிடித்து வழுக்கும். இறங்குவது எளிது, ஏறுவது கடினம். ஆழம் படிப்படியாகக் கூடுவதில்லை. இடுப்பளவு என்று நினைத்து வைக்கும் அடுத்த அடியில் கால் எட்டாது. நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் போன தடவை பார்த்த கரை இந்தத் தடவை இருக்காது. தண்ணீரை உறிஞ்சும் வாய், உபரி வழிந்தோடும் போக்கு என்று அணைக்கு அணை ஆபத்தான இடங்கள் உண்டு. மேலே கண்ணாடிபோல் அமைதியாக இருந்தாலும் அங்கே இழுவை இருக்கும். அடியில் பழைய மரக்கட்டை, வேர், சேறு. ஒரு முழம் கீழே போனால் தன் கையே தெரியாது.

இன்னொரு பக்கம் பினாங்கு தேசியப் பூங்கா. அங்கே கெராச்சுட் கடற்கரையை ஒட்டி ஒரு அபூர்வமான ஏரி இருக்கிறது. ஆற்றின் நன்னீர் மேலடுக்கிலும் கடலின் உப்புநீர் கீழடுக்கிலும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மழைக்காலத்தையும் கடலையும் பொறுத்து அது நிறையும், வற்றும். இரண்டு மணி நேரம் காட்டுவழியில் வியர்க்க நடந்து போனவருக்கு அந்தத் தண்ணீரையும் பக்கத்துக் கடலையும் பார்த்தால் குதிக்கத் தோன்றும். அந்தக் கடலில் இழுவையும் சொறிமீனும் உண்டு. அங்கே ஏதாவது ஆனால் உதவி வந்துசேரப் படகு வேண்டும். நுழைவாயிலில் பெயரைப் பதிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான். நாம் திரும்பவில்லை என்று யாருக்காவது தெரிந்தால்தானே தேடுவார்கள்?

தேடி வருகிறவர்கள்

நான் சொல்ல வந்ததே இங்கேதான் இருக்கிறது. தடையை மீறுகிறவர்கள் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "என் உயிர், என் இஷ்டம், உனக்கென்ன?"

2018 அக்டோபர் 3. பூச்சோங் பக்கம் தாமான் புத்ரா பெர்டானாவில் ஒரு பழைய லோம்போங் குட்டை. மீன் பிடிக்கப் போன 17 வயதுப் பையன் ஒருவன் தண்ணீரில் விழுந்துவிட்டான். தேட வந்தது தீயணைப்பு மீட்புப் படையான பொம்பாவின் நீர்மீட்புக் குழு. பயிற்சி பெற்ற ஆட்கள், முழுக் கருவிகள். ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்கினார்கள். திடீரென்று பாய்ந்த நீரோட்டத்தில் சிக்கினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஒருவரைத் தேடி ஆறு பேர்.

2010, பகாங் மாரானில் லூபோக் யு என்ற உல்லாசத் தலம். நீரில் மூழ்கிய ஒரு இளைஞரைத் தேட மீட்புப் படையினரும் கிராமத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறங்கினார்கள். உடலை மீட்டுவிட்டு வீட்டுக்கும் போய்விட்டார்கள். அதன் பிறகு அவர்களில் சிலருக்குக் காய்ச்சல். மெலியோய்டோசிஸ் என்ற மண்-நீர்க் கிருமித் தொற்று. சிலருக்கு அதோடு எலிக்காய்ச்சலும். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இறந்துபோனார்கள். தண்ணீரில் மூழ்கி அல்ல; தண்ணீரில் இறங்கியதால்.

விழுந்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தவறி விழுபவரும் உண்டு. பொம்பாக்காரர் வேலையே அதுதான் என்பதும் தெரியும். ஆனால் நம் நாட்டில் ஒரு உயிர் தண்ணீரில் போனால் அதைத் தேட யாராவது இறங்கியே ஆக வேண்டும். இருட்டினாலும், மழை பெய்தாலும், கரையில் தாய் நின்று அழுதுகொண்டிருக்கும்போது, "தண்ணீர் சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்று யாரால் சொல்ல முடியும்? அந்தக் கட்டாயத்தை அவர்கள் மேல் சுமத்துவது நாம். அதனால்தான் சொல்கிறேன், அணைக்கரையில் 'என் உயிர், என் இஷ்டம்' என்ற கணக்கு செல்லாது. உங்கள் உயிரோடு இன்னும் சிலருடைய உயிரும் சேர்த்துத்தான் அந்தத் தண்ணீரில் இறங்குகிறது.

குப்பை, குரங்கு, ஆமை

சின்ன விதிகள் என்று நாம் சிரித்துக்கொண்டே மீறுபவை இவை.

நாசி லெமாக் பொட்டலத்தைப் புதரில் எறிந்தால் முதலில் வருவது எலி. எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். மழையில் அது கழுவிக்கொண்டு நீரோடையில் சேரும். காலில் சின்னச் சிராய்ப்போடு அந்த ஓடையில் விளையாடும் பிள்ளைக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சல் என்றே தோன்றும், "போன வாரம் ஓடையில விளையாடினான் டாக்டர்" என்று நீங்கள் சொல்லாவிட்டால். இந்த ஒரு வரியைச் சொல்ல மறக்காதீர்கள்.

அடுத்தது குரங்கு. நீளவால் குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு நாம் போய்விடுகிறோம். மனிதன் என்றால் சாப்பாடு, பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அது கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் வெறும் துண்டு மட்டும் வைத்திருக்கும் பாட்டியின் பையை இழுக்கிறது. புகார் போகிறது, கூண்டு வருகிறது. பழம் கொடுத்தவர் அப்போது ஈப்போவில் இருப்பார். கடி வாங்குவது பாட்டி, பிடிபடுவது குரங்கு. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் பத்து வேண்டாம்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சாம்பல் நிறக் குரங்கையும் பார்க்கலாம். இலை தின்னி, நம்மிடம் வராது, அந்தக் கூச்சத்தை அப்படியே விட்டுவிடுங்கள். இந்தக் குரங்குகள் சாலையில் அடிபடுவதைத் தடுக்க, லங்கூர் புரோஜெக்ட் பினாங் குழுவினர் 2019-இல் தெலுக் பகாங் சாலைக்கு மேலே ஒரு தொங்குபாலம் கட்டினார்கள். எதை வைத்து? பயன்படுத்தித் தீர்ந்த பொம்பா தண்ணீர்க் குழாய்களை வைத்து! உதவி செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு வாழைப்பழத்தைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

மூன்றாவது, புண்ணியத்துக்கு விடுவது. கீழே கெக் லோக் சி கோயிலில் ஆமைக் குளம் இருக்கிறது. பக்தர்கள் ஆமைகளை விடும் இடமே அது, அங்கே செய்யுங்கள். வீட்டில் வளர்ந்துவிட்ட வெளிநாட்டு மீனையும் ஆமையையும் "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று நீர்த்தேக்கத்தில் விட்டால், பிழைப்பது அது ஒன்றுதான். அங்கேயே பிறந்து வளர்ந்த மீன் குஞ்சுகள் அதன் வாயில் போகும்.

வானத்தையும் பாருங்கள்

பினாங்கு மழையை லேசாக எடைபோடாதீர்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் ஏழு பேர் இறந்தார்கள். கொடிமலைச் சரிவுகள் பல இடங்களில் சரிந்தன. மலைச்சாலை, மண்சரிவு, விழும் மரம் எல்லாம் டேமுக்குப் போகும் வழியிலும் சாத்தியம்தான். இடி கேட்டால் அணைமேட்டின் திறந்தவெளியில் நிற்க வேண்டாம், ஒற்றை மரத்தடியும் வேண்டாம். காருக்குத் திரும்புங்கள்.

அருவி, ஓடைப் பக்கம் போனால் கெப்பாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் நினைவிருக்கட்டும். உங்கள் தலைக்கு மேல் வெயிலடிக்கும். மலை உச்சியில் பெய்த மழை மரக்கட்டையையும் பாறையையும் உருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் வந்து இறங்கும். நம் கரையிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் ஜெராய் மலையில் 2021 ஆகஸ்ட் 18 அன்று அப்படித்தான் வந்து, யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், செருப்பைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

கூடாரம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இருக்கவில்லை. பணம் கட்டும் முன் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் என்ன?

யாராவது விழுந்துவிட்டால்

சினிமாவில் மூழ்குகிறவர் கை அசைத்துக் கத்துவார். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சுக்கே வாய் போதாதபோது கூப்பிட முடியாது. தலை பின்னால் சாயும், வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும். நின்றுகொண்டு விளையாடுவதுபோல் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால் பிள்ளைகளோடு தண்ணீர் ஓரம் போனால் ஒரு பெரியவர் போனை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணால் காவல் இருக்க வேண்டும். "எல்லாரும்தான் இருக்கோமே" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

விழுந்துவிட்டால்:

- நீங்கள் குதிக்காதீர்கள். பதறுகிறவர் பிடித்த பிடியில் உங்களையும் அமுக்கிவிடுவார். அண்ணன் தம்பி சேர்ந்து போகும் செய்திகளெல்லாம் இப்படித்தான்.
- மிதப்பதை எறியுங்கள்: மூடி இறுக்கிய காலி பாட்டில், ஐஸ் பெட்டி, பந்து, கயிறு.
- கரையில் படுத்துக்கொண்டு கிளை, துண்டு, குடை எதையாவது நீட்டுங்கள். நின்றபடி நீட்டினால் இழுபட்டு விழுவீர்கள்.
- இன்னொருவர் உடனே 999 அழைக்கட்டும். எந்த அணை, எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்லுங்கள்.
- மேலே கொண்டுவந்தவருக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயல வேண்டாம். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், நெஞ்சை அழுத்துங்கள். இதைப் பழகாதவர்கள் ஒரு சனிக்கிழமை ஒதுக்கி முதலுதவி வகுப்பில் கற்றுக்கொள்ளலாம்.

உலகம் முழுவதும் 2021-இல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஜூலை 25-ஐ ஐ.நா. நீர்மூழ்கல் தடுப்பு நாளாகவே வைத்திருக்கிறது.

பலகை வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

பல நீர்நிலைகளில் ஒரே மாதிரிப் பலகைகள்: டிலாராங் பெரெனாங், டிலாராங் மெமான்சிங். நீந்தக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது. ஏன் என்று ஒரு வரி இல்லை. 'இது நீங்கள் குடிக்கும் தண்ணீர்' என்று ஒரு பலகை, 'இங்கே ஆழம் இத்தனை மீட்டர்' என்று ஒரு பலகை, பக்கத்தில் ஒரு மிதவை வளையமும் கயிறும், அழைப்பவர் இடத்தைச் சொல்ல வசதியாக ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு எண். பெரிய செலவில்லை. காரணம் தெரிந்த விதியை மனிதர்கள் ஓரளவாவது மதிக்கிறார்கள். தெரியாத விதி, மீறிப் பார்க்கச் சொல்லும் சவாலாகிவிடுகிறது. முக்கியமாகப் பதினேழு வயதில்.

அதுவரை காரணம் சொல்வது நம் வேலை. அடுத்த முறை யாராவது அணையில் இறங்குவதைப் பார்த்தால் "செத்துப்போவே" என்று மிரட்டாதீர்கள், அந்த வயதில் அது யாரையும் பயமுறுத்தாது. "உன்னைத் தேடி இறங்கப்போற பொம்பா அண்ணனுக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்கு தம்பி" என்று சொல்லிப் பாருங்கள்.